கணக்கு நோட்டின் பின்பக்கம்



 இம்மாதம் வேறொரு காரியத்தைக் குறித்து எழுத ஆயத்தமாயிருந்தேன். ஆனால் சென்ற இதழின் கடைசிப் பக்கங்களில் வந்திருந்த நினைவுகூருதல் விளம்பரங்களை வாசித்தபின், இதை எழுதாமல் விடக்கூடாது என்று ஆவியானவர் உள்ளத்தில் ஏவினார். ஏழு தாய்மார்களின் படங்கள் வந்திருந்தன. ஏழு பேரும் ‘ஜெபவீராங்கனை’, ஏழு பேரும் ‘பொறுமையின் சிகரம்’. ஒருவருடைய படத்தின் கீழ் மற்றொருவருடைய வரிகளை மாற்றி அச்சிட்டிருந்தாலும் அந்தந்த வீட்டாருக்கே வித்தியாசம் தெரிந்திராது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2018ஆம் ஆண்டு என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது நானும் அவ்வாறே செய்தேன். அச்சகத்தில் நான்கு மாதிரிகளைக் காட்டினார்கள். மூன்றாவதைத் தெரிந்துகொண்டு, படத்தையும் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன். எழுபத்தைந்து வருட ஜீவியத்துக்கு நான் செலவிட்ட நேரம் பத்து நிமிஷம்.

யோப்பா பட்டணத்துத் தொற்காளை நினைத்துப் பாருங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில், பேதுரு மேல்வீட்டுக்குள் வந்தபோது அங்கே நின்ற விதவைகள் அவளுக்குப் பட்டம் எதுவும் சூட்டவில்லை. அவள் உயிரோடிருக்கையில் தைத்துத் தந்த துணிமணிகளை எடுத்துக் காட்டி அழுதார்கள். நல்ல ஸ்திரீ என்று சொல்வதற்குப் பதிலாக, அவள் கை வேலையை முன்னே வைத்தார்கள். நம் வேதத்தில் ஒரு ஸ்திரீயை நினைவுகூர்ந்த விதம் அது.

என் தாயாரின் அடக்க ஆராதனைக்கும் அப்படிப்பட்டவர்கள் வந்திருந்தார்கள். தாராவியிலிருந்து பதினோரு சகோதரிகள், சயானில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, நவிமும்பை வந்து சேர்ந்து, கடைசி வரிசைகளில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை ஆங்கிலத்தில் நடந்தது. செய்தி கொடுத்த போதகர் நல்ல ஊழியர். எனினும் அவர் என் தாயாரோடு ஒருநாளும் பேசியதில்லை. பேசுவதற்கு இருவருக்கும் பொதுவான பாஷை இருக்கவில்லை. ஆகவே அவர் பொதுவாகப் பரலோகத்தைக் குறித்துப் பேசினார். முடிகிற வேளையில் ஒரு சகோதரி என்னிடம் வந்து, “தம்பி, அம்மாவைப்பற்றி ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லட்டுமா?” என்று மெல்லக் கேட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் நான்கு மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். “நேரமில்லை அக்கா” என்றேன். “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்த இரண்டு வார்த்தையைக் கேட்க நான்கு வருடம் சென்றது.

என் தாயார் 1943ஆம் ஆண்டு, சாத்தான்குளத்தையடுத்து, செம்மணல் தேரியின் ஓரத்திலுள்ள ஒரு கிராமத்தில் பனையேறியின் மகளாய்ப் பிறந்தார்கள். பதனீர் காய்ச்சும் அடுப்படியில் வளர்ந்த பிள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார்கள். 1962இல் திருமணம். அடுத்த மாதமே பம்பாய். அன்றிலிருந்து நாற்பத்தேழு வருடம் தாராவியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்றில் குடித்தனம். நாங்கள் ஐந்து பிள்ளைகள். நான் மூன்றாவது.

தகப்பனார் முதலில் உறவினர் ஒருவரின் மளிகைக்கடையில் நின்றார்கள். அந்தச் சம்பளம் வாடகைக்கே போதவில்லை. ஆகவே தாயார் இட்லி அவிக்கத் தொடங்கினார்கள். மும்பையில் வாழ்கிற வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதிகாலையில் சைக்கிளின் பின்னால் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் பந்து வைத்த ஹாரனை அமுக்கிக்கொண்டு தெருத்தெருவாய்ப் போகிற தமிழ் இட்லிக்காரரை அறியாதவர் அந்நகரத்தில் இல்லை. அந்த ஹாரன் சத்தம் எல்லாருக்கும் கேட்கும். அதற்கு முந்தின சத்தம், அதாவது இரவெல்லாம் ஆட்டுக்கல் சுழலும் சத்தம், எங்கள் சந்துக்கு வெளியே யாருக்கும் கேட்டதில்லை. இரவு எட்டு மணிக்கு ஆட்ட உட்காருவார்கள். மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைப்பார்கள். ஐந்து மணிக்குள் நானூறு இட்லி. நாங்கள் பிள்ளைகள் அந்தக் கல்லின் அருகிலேயே படுத்திருப்போம். கல் ஒரு சுற்றுச் சுற்ற, ஒரு பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். அடுத்த சுற்றுக்கு அடுத்த பெயர். என் பெயர் வரும் வரைக்கும் விழித்திருக்க முயன்று, அதற்குள் தூங்கிவிடுவேன்.

1974இல் எங்கள் சந்தில் ஒரு வீட்டில் கூடிவந்த பெந்தெகொஸ்தே ஐக்கியத்தில் தாயார் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்று, ஜுஹு கடலில் ஞானஸ்நானம் எடுத்தார்கள். காதிலிருந்த கம்மலைக் கழற்றினார்கள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், சுமங்கலி மூளிக் காதோடு நிற்கலாமா என்று வெகுவாய்ப் பேசினார்கள். தாயார் எதிர்வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கம்மலை விற்ற பணத்தில்தான் தகப்பனாருக்குச் சைக்கிள் வந்தது. அதுவரைக்கும் அவர்கள் பாத்திரத்தைத் தலையில் சுமந்து நடந்தே விற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகையை வெறுத்ததைச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் நம்மில் அநேகர் உண்டு. அந்தப் பொன் எங்கே போயிற்று என்று சொல்கிறவர்கள் குறைவு.

1999இல் தகப்பனார் மகிமைக்குள் பிரவேசித்தார்கள். அதற்குப்பின் தாயார் இட்லி விடுத்து, கிரைண்டர் வாங்கி, மாவு மட்டும் அரைத்து விற்றார்கள். 2005 ஜூலை 26ஆம் தேதியின் பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. எங்கள் அறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டியில் தாயார் முப்பது வருடமாக எழுதிவைத்திருந்த நோட்டுகளெல்லாம் கூழாய்ப் போயின. அவை என்ன நோட்டுகள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கிரைண்டர் மோட்டார் பிழைக்குமா என்பதே என் கவலையாயிருந்தது.

2009இல் கர்த்தர் எனக்கு நவிமும்பையில் வீடு கட்டளையிட்டார். தாயாரையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே பிள்ளைகளுக்கு ஏற்றதென்று, நல்ல வாலிபர் ஐக்கியமும் ஓய்வுநாள் பள்ளியும் உள்ள ஓர் ஆங்கிலச் சபையில் சேர்ந்தோம். அதைக்குறித்துச் சற்றுப்பின் சொல்லுகிறேன்.

2022இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, பரணிலிருந்த தாயாரின் பையை என் மகள் இறக்கினாள். உள்ளே ஒரு வேதாகமம், ஒரு மூக்குக்கண்ணாடி, மூன்று நோட்டுகள். என் மகளுக்கு ஆங்கிலம் தெரியும், இந்தியும் மராத்தியும் தெரியும், தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நான் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். என் பிள்ளைகள் அப்படியல்ல. உங்களில் அநேகருடைய வீட்டிலும் இதுவே நிலை என்பதை அறிவேன். “அப்பா, ஆச்சி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டுங்கள்” என்று கொண்டுவந்து நீட்டினாள். அன்று முதல் குடும்ப ஜெபத்துக்குப்பின் நாள்தோறும் இரண்டு பக்கம் வாசிப்பதென்று ஏற்பட்டது.

முதல் நோட்டின் முன்பக்கம் மாவுக் கணக்கு. யாருக்கு எத்தனை கிலோ, யார் எவ்வளவு பாக்கி. நோட்டைத் தலைகீழாய்த் திருப்பினால், பின்பக்கத்திலிருந்து ஜெபக் குறிப்புகள். காகிதம் வீணாகக்கூடாது என்பதற்காக அப்படி எழுதினார்கள் என்று முதலில் நினைத்தோம். சில பக்கங்கள் வாசித்தபின் அது மாத்திரம் காரணமல்ல என்று தெரிந்தது. முன்பக்கத்தில் 2007ஆம் வருடத்துக் கணக்கொன்று: “மாவு 8 கிலோ. பாக்கி 140. கேட்க வேண்டாம். பிள்ளைக்கு டைபாய்டு.” பின்பக்கத்தில் அதே தேதியில் அந்தப் பிள்ளையின் பெயர், பதினேழு நாள் தொடர்ச்சியாய். பதினெட்டாம் நாள் “சாப்பிட்டான், ஸ்தோத்திரம்.” முன்பக்கத்தில் அந்த 140 ரூபாய் கடைசிவரை அடிக்கப்படவுமில்லை, வசூலாகவுமில்லை.

என் பெயரும் இருந்தது. 2006இல் என் உத்தியோகம் நிரந்தரமானபோது, நான் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் என் விசுவாசத்தைக் கனப்படுத்தினார் என்று சாட்சி சொன்னவன். நோட்டிலே “மூன்றாவது மகனுக்கு வேலை நிலைக்க” என்று எழுதி, உபவாசம் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று ஏழு கோடுகள் போடப்பட்டிருந்தன. அந்த ஏழு நாளும் அவர்கள் மாவு அரைத்தார்கள். நானும் அந்த ஏழு நாளும் அவர்கள் கையால் சாப்பிட்டிருப்பேன். அவர்கள் சாப்பிட்டார்களா என்று நான் பார்க்கவில்லை.

பிரியமானவர்களே, இதுவரைக்கும் வாசித்ததெல்லாம் கண்ணீரோடும் மகிழ்ச்சியோடும் வாசிக்கத்தக்கவையாயிருந்தன. இரண்டாம் நோட்டு அப்படியல்ல. அது நவிமும்பைக்கு வந்தபின் எழுதியது. வார நாட்களில் வழக்கமான ஜெபங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேறு விதமான குறிப்பு. முதலாவது ஞாயிறு: “சபைக்குப் போனோம். பெரிய இடம். பிரசங்கம் விளங்கவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். ஸ்தோத்திரம்.” அடுத்தது: “இன்றும் விளங்கவில்லை. சாம் என்றார்கள். சங்கீதம் என்று பேத்தி சொன்னாள். நம்பர் பிடிபடவில்லை. 23 வாசித்துக்கொண்டேன். ஸ்தோத்திரம்.” அதற்கடுத்தது: “23 வாசித்தேன்.” பக்கத்துக்குப் பக்கம், வருடத்துக்கு வருடம், “23 வாசித்தேன்.”

அன்று வாசித்துக்கொண்டிருக்கையில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டேன். “ஏன் அப்பா நிறுத்தினீர்கள்?” என்று மகள் கேட்டாள். எழுத்து மங்கியிருக்கிறது என்றேன். அது பொய். அங்கே எழுதியிருந்தது இதுதான்: “தாராவி சபைக்கு ஒருநாள் கூட்டிப் போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஐயாவுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. கேட்கவில்லை.” மறுநாள் அந்த வரியை என் மகளுக்கும் மனைவிக்கும் வாசித்துக் காட்டி, பொய் சொன்னதையும் அறிக்கையிட்டேன். அன்று எங்கள் குடும்ப ஜெபம் நீண்ட நேரம் நடந்தது.

இரண்டாம் தீமோத்தேயு முதலாம் அதிகாரத்தில், தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பவுல் நினைவுகூருகிறதை அன்னையர் தினத்தில் நாம் எல்லாரும் பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறோம். புதிய ஏற்பாட்டில் பாட்டி என்று பொருள்படும் சொல் வருகிற ஒரே இடம் அது. ஆனால் அவர்கள் வாழ்ந்த ஊரைக்குறித்து அதிகம் பேசப்படுவதில்லை. அது லீஸ்திரா. இன்றைய துருக்கி தேசத்தில், கோன்யா நகரத்துக்குத் தெற்கே இருந்த ஊர். அந்த ஊரார் தங்களுக்குள் பேசியது லிக்கவோனியா பாஷை என்று அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரம் சொல்லுகிறது. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். தாய் யூத ஸ்திரீ. வாலிபனாகும் வரைக்கும் அவனுக்கு விருத்தசேதனம் செய்யப்படவில்லை என்பதிலிருந்து, அவ்வீட்டில் தாயின் முறைமைகளுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதை ஊகிக்கலாம். தெருவிலே ஒரு பாஷை, தகப்பனிடத்தில் ஒரு பாஷை. அந்த நெருக்கடிக்குள்தான் சிறு வயதிலிருந்தே பிள்ளைக்கு வேத எழுத்துக்கள் கற்றுக்கொடுக்கப்பட்டன. வீட்டிலும் தெருவிலும் வெவ்வேறு பாஷை பேசி, பிழைக்க வந்த ஊரில் பிள்ளை வளர்க்கிற நம் ஸ்திரீகளுக்கு லோவிசாள் அந்நியளல்ல. அவளும் நம்மைப்போன்ற ஒரு குடும்பத்தின் பாட்டியே.

ஆங்கிலச் சபைகளுக்கு விரோதமாக நான் எழுதவில்லை. என் பிள்ளைகள் அங்கேதான் இரட்சிக்கப்பட்டார்கள். பிள்ளைகள் தங்களுக்கு விளங்குகிற பாஷையில் தேவ வார்த்தையைக் கேட்க வேண்டும் என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆயினும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பெந்தெகொஸ்தே என்னும் நாளின் பெயரை நாம் சூட்டிக்கொண்டிருக்கிறோம். அந்நாளில் எருசலேமில் நின்றவர்கள் பிரமித்தது எதற்காக? ஒவ்வொருவரும் தான் பிறந்த ஊரின் பாஷையில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டதற்காக. அப்படியிருக்க, என் வீட்டில் எல்லாருக்கும் முன்னே அபிஷேகம் பெற்ற ஒருவருக்கு மாத்திரம், ஒன்பது வருடம், தான் பிறந்த பாஷையில் கேட்கிற பாக்கியத்தை நான் கொடுக்கவில்லை. ஆராதனை வேளையில் சபையார் அந்நிய பாஷையில் துதிக்கும்போது மட்டும் தாயாரின் சத்தம் உயரும். அபிஷேகத்தின் நிறைவு என்று நினைத்து நானும் மகிழ்ந்தேன். அந்தச் சில நிமிஷம்தான் அவர்கள் அந்தக் கூட்டத்தில் மற்ற யாருக்கும் குறைவில்லாமல் நின்றார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

செலவு பெரிதாய் ஒன்றும் ஆகியிருக்காது. மாதத்தில் ஒரு ஞாயிறு தாராவிக்குப் போயிருக்கலாம். அதுவும் கூடாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து, இன்ன புஸ்தகம், இன்ன அதிகாரம் என்று வேதாகமத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஒன்பது வயதுப் பேத்தி ‘சாம்’ என்றால் சங்கீதம் என்று சொன்னாள். நாற்பது கடந்த மகன் அதைக்கூடச் சொல்லவில்லை. உங்கள் தாயார் இந்த நேரம் அடுத்த அறையில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் விளங்குகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விளங்குகிறது என்றுதான் சொல்லுவார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள்.

அந்த வருடம் ஓர் ஞாயிறு பிற்பகல், மகளை அழைத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். அடக்க ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் கேட்ட அந்த அக்காவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தோம். கோபம் ஒன்றும் காட்டவில்லை. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, “இப்ப நேரம் இருக்கா தம்பி?” என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். மகள் கைபேசியில் பதிவு செய்தாள்.

அவர்கள் சொன்னது 1993 ஜனவரியில் நடந்தது. கலவரத்தால் ஊரடங்கு போட்டிருந்த நாட்கள். தகப்பனார் சைக்கிளை வெளியே எடுக்க முடியவில்லை. ஆட்டி வைத்த மாவு புளித்துக்கொண்டிருந்தது. தாயார் எல்லாவற்றையும் இட்லியாக அவித்து, இன்ன ஜாதி, இன்ன மதம் என்று பாராமல் சந்திலிருந்த எல்லா வீட்டுக்கும் அனுப்பினார்களாம். கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் கைக்குழந்தையோடு அப்போது எங்கள் பக்கத்து அறையில் குடியிருந்த இந்த அக்கா. சந்தின் முனையில் ஒரு முஸ்லிம் குடும்பம் நான்கு நாளாய்க் கதவைத் திறக்கவில்லை. தட்டினாலும் திறக்கமாட்டார்கள் என்று அக்கா சொன்னதற்கு, “பயந்திருப்பாங்க. தட்டாதே. ஹாரனை எடுத்துக்கிட்டுப் போ. இட்லிக்காரர் ஹாரனை அமுக்கு. அது நம்ம சத்தம்னு அவங்களுக்குத் தெரியும்” என்றார்களாம். ஹாரன் கேட்டதும் அந்தக் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. அதற்குப்பின் ஊரடங்கு நீங்கும் வரைக்கும் தினமும் அதே ஹாரன், அதே கதவு.

நான் அப்போது இருபத்துமூன்று வயது வாலிபன். அதே அறையில் இருந்தவன். இது எனக்குத் தெரியாது. அறையை விட்டு வெளியே போகக்கூடாதென்று தாயார் எங்களைத் தடுத்ததற்காக முகம் வாடி உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

என் மகள் அந்த மூன்று நோட்டுகளையும் இப்போது நகல் எடுத்து வருகிறாள். நான் வாசிக்க வாசிக்க, தமிழ் வார்த்தைகளை அவள் இந்தி எழுத்தில் எழுதிக்கொள்கிறாள். வேலைக்குப் போகிற பிள்ளை, இரவில்தான் நேரம். தொடக்கத்திலேயே ஒரு தடை வந்தது. தேரிமணலைப்பற்றியும் தன் தகப்பனைப்பற்றியும் ஆச்சி எழுதியிருந்த ஒரு பக்கத்தில், ‘மழை’ என்ற வார்த்தைக்கு எந்த எழுத்தைப் போடுவது என்று கேட்டாள். இந்தியில் வழங்குகிற எழுத்து எதுவும் அதற்குச் சரியாய் வரவில்லை. பிறகு ‘கீழே’, ‘ஏழு’, ‘அழுதேன்’ என்று வரிசையாய் வந்தன. கடைசியில் அந்த ஓரெழுத்தை மாத்திரம் ஆச்சியின் கையெழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டாள். பின்பு ‘ற’ வந்தது. அதையும் வரைந்தாள். அதற்குப்பின் குறில் ‘எ’. இப்போது அவளுடைய நோட்டைத் திறந்தால், இந்தி எழுத்துக்களுக்கு நடுவே ஆங்காங்கே ஒரு தமிழ் எழுத்து நிற்கிறது. நேற்று இரவு எண்ணிப் பார்த்தோம். ஒன்பது எழுத்துக்கள் சேர்ந்திருக்கின்றன.